ஏரோப்ளேனுக்குக் கலப்பத்து பார்த்த கதை

1

ராயபுரத்திலேர்ந்து கடுதாசி போடறவங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க. "முனுசாமி, ஏரோப்ளேன்ல ஏறினியா? மேலேர்ந்து பாத்தா இன்னா தெரியுது?" ஏறலைங்க. சிங்கப்பூருக்குக் கப்பல்ல வந்து இறங்கி இந்த மாசத்தோட ஒம்போது வருசம். அதுல நாலு வருசமா ஏரோப்ளேன் கொட்டாயிலதான் கிடக்கறேன். ஒரு நாள் கூட ஏறினதில்லை. ஏத்தறேன்னு யாரும் கூப்பிட்டதுமில்லை. மாட்டுக்கு லாடம் அடிக்கறவன் மாட்டு மேலயா ஏறிப் போறான்?

அடுத்த கேள்வி, "அங்க உனுக்கு இன்னா வேலை?" இதுக்குப் பதில் எழுதி எழுதிக் கை வலிக்குது. அதனால பத்திரிகைக்கே எழுதிடறேன், எல்லாரும் ஒரே தடவையில படிச்சுத் தொலைங்க. "கீது", "வந்துகினு"ன்னு எழுதினா படிக்கறவங்க சிரிப்பாங்கன்னு என் சம்சாரம் தனம் சொல்றா. சரின்னு நான் கதை சொல்ற இடத்தில கொஞ்சம் சீவி எழுதறேன். பேச்சு வர்ற இடத்தில அப்படியேதான் விடுவேன், யார் சிரிச்சாலும் எனக்குக் கவலையில்லை.

இங்க துரைமாருங்க சில பேர் சேந்து ஒரு கிளப்பு வச்சிருக்காங்க. பறக்கக் கத்துக்கறதுக்கு ஒரு ஏரோப்ளேன் வாங்கி வச்சிருக்காங்க. ஏரோப்ளேன்னா பெருசா நினைச்சுடாதீங்க. ரெண்டு பேர் உக்காரலாம், அவ்ளோதான். மரச் சட்டம், சட்டத்து மேல துணி, துணி மேல குடலைப் பிடுங்கற வாடையில ஒரு வார்னிஷ். மூணு கை மாறி வந்த கிழட்டு வண்டி. அதுக்குச் சக்கரம் கிடையாது. ரெண்டு பக்கமும் குட்டிப் படகு மாதிரி மிதவை கட்டியிருக்கும், கடல்லேர்ந்து கிளம்பிக் கடல்லயே இறங்கும். மிதவை மரம். மரம்னா ஒழுகும். ஒழுகினா யாரைக் கூப்பிடுவாங்க? காசிமேட்டுல பதினஞ்சு வருசம் கலப்பத்து பார்த்தவனைத்தான் கூப்பிடுவாங்க. பலகை இடுக்குல பஞ்சைத் திணிச்சு, குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சி ஊத்தி, தண்ணி வராம அடைக்கறதுதான் கலப்பத்து. அப்படி உள்ளே போனவன் தலையில மத்த வேலையெல்லாம் ஒவ்வொண்ணா ஏறிச்சு. துருப்பிடிச்ச கம்பியைத் தேய், பூஞ்சைக்காளான் துடை, கிழிஞ்ச துணிக்கு ஒட்டுப் போடு. அந்த வண்டியில பழசா இல்லாத சாமான் ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். இன்னிக்கு ஒண்ணைச் சரி பண்ணினா நாளைக்கு அதுக்குப் பக்கத்துல இருக்கறது புட்டுக்கும்.

2

இந்த ஊர் ஆபீசுங்களுக்குக் காகிதம்னா சக்கரைப் பொங்கல். ஏரோப்ளேன்ல செய்யற ஒவ்வொரு வேலையையும் ஒரு புஸ்தகத்துல எழுதணும், லைசன்ஸ் உள்ள ஆள் கையெழுத்துப் போடணும். எங்க கொட்டாயில அந்த லைசன்ஸ் பார்லோ துரை ஒருத்தருக்குத்தான் உண்டு. அவர்தான் பெரிய மெக்கானிக், பறக்கக் கத்துக்கொடுக்கறதும் அவர்தான். நான் முதுகொடியச் செஞ்ச வேலைக்கும் அவர் கையெழுத்துதான். துணிக்கும் மிதவைக்கும் மட்டும் எனக்குத் தனியா ஒரு சின்ன லைசன்ஸ் கிடைக்கும்னு அவரே சொல்லி ஃபாரமும் வாங்கிக் கொடுத்தார். அது கிடைச்சா கூலின்னு இருக்கற பேர் போயி மெக்கானிக்னு ஆகும். மெக்கானிக்குக்குக் கிளப்பு வூடு தரும். இப்ப நானும் தனமும் ரெண்டு பிள்ளைங்களும் ஒரு ரிக்‌ஷா வண்டிக் கடைக்குப் பின்னாடி ஒரே அறையில இருக்கோம்.

ஃபாரம் கையில வந்து ஒண்ணரை வருசம் ஆச்சு. குடும்பப் பேர் எங்கேன்னு கேட்டான் கிளார்க்கு. எங்க அப்பா பேர் குப்பன், எழுதிக்கோன்னேன். அது அப்பா பேரு, குடும்பப் பேர் எங்கேன்னான். குடும்பத்துக்கே தனியா பேர் வைக்கற அளவுக்கு எங்களுக்கு வசதி இல்லைப்பான்னேன். அவனுக்குச் சிரிப்பே வரலை. பொறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்டான். ஊர்ல ஒரு ஆபீசுக்கு எழுதினேன். ஆறு மாசம் கழிச்சு, ஆள் நேர்ல வந்தாத்தான் கொடுப்போம்னு பதில் வந்தது. நேர்ல போக லீவு கேட்டேன். கூலிக்கு நீண்ட லீவு கிடையாது, லைசன்ஸ் உள்ளவனுக்குத்தான் உண்டுன்னாங்க. நான் எங்க போய் முட்டிக்கறது, நீங்களே சொல்லுங்க!

கடைசியா என் மூத்த பொண்ணு லட்சுமிதான் ஃபாரத்தை நிரப்பினா. பன்னெண்டு வயசு, கன்னியாஸ்திரீ மடத்துப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் படிக்கறா. பேனாவைக் கையில எடுத்ததும் என்னை "டாடி"ங்கறா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நைனான்னுதான் கூப்பிட்டா.

"டாடி, உங்க ஊருக்கு ஸ்பெல்லிங் இன்னா?"

"எங்க ஊரா? அப்போ உனுக்கு எது ஊரு?"

"இதான். நான் அத்தப் பாத்ததே இல்லியே!"

"பாத்ததே இல்லியா? மூணு வயசுல ராயபுரம் மணல்ல உருண்டுகினு கெடந்தியே, அது யாரு?"

"எனுக்கு ஞாபகம் இல்ல. ஸ்பெல்லிங் சொல்லு டாடி."

எனக்கு ஸ்பெல்லிங் தெரியாது. அவளே ஏதோ எழுதினா. சரியோ தப்போ, ஃபாரத்துல இனி ஒரே ஒரு இடம்தான் பாக்கி. இந்த ஆள் நம்பிக்கையானவன், கவனமா வேலை செய்யறவன்னு பார்லோ துரை எழுதிக் கையெழுத்துப் போடணும். இந்த மாசக் கடைசியில போடறேன்னு அவரும் சொல்லியிருந்தார்.

3

நம்ம கரையில ஒரு பழக்கம் உண்டு. ராயபுரத்துக்காரங்களுக்குத் தெரியும். மயிலாப்பூர் பக்கம் இருக்கறவங்களுக்காகச் சொல்றேன். சாயங்காலம் வேலை முடிச்சு வூட்டுக்குப் போறப்போ, கலப்பத்துக்காரன் வழியில கிடக்கற தோணி ஒவ்வொண்ணையும் உள்ளங்கையால தடவிகிட்டே போவான். தன் தோணியா, அடுத்தவன் தோணியான்னு பாக்க மாட்டான். துளை தட்டுப்பட்டா நின்னு அடைச்சுட்டுத்தான் போவான். யாரையும் கேக்க மாட்டான். அடைச்சதை அப்பால சொல்லவும் மாட்டான். சொன்னா, உன் வேலையில ஓட்டைன்னு அந்தத் தோணிக்காரன் மூஞ்சியில துப்பின மாதிரி. அதனால கமுக்கமா அடைச்சு, மேல கரியைத் தடவி, அடைச்ச தடமே தெரியாம விட்டுட்டுப் போறவன்தான் நல்ல வேலைக்காரன்.

ஒரே ஒரு தரம் நான் தவறினேன். காத்திவாக்கத்துல மச்சான் வூட்டுல விருந்து, ரயிலுக்கு நேரமாச்சு. கன்னியப்பன்னு ஒருத்தன், என் தோஸ்துதான், அவன் தோணியில சுண்டுவிரல் நுழையற அளவுக்குத் துளை. கையில தட்டுப்பட்டுது. காலையில பாத்துக்கலாம்னு போயிட்டேன். நான் வர்றதுக்குள்ள அவன் கடலுக்குப் போயிட்டான். எண்ணூர் முகத்துவாரத்துக்கிட்ட தண்ணி ஏறித் தோணி சாஞ்சுது. ஆளுங்க நீந்தித் தப்பிச்சாங்க. வலை போச்சு, பாய் போச்சு. நான் தடவிப் பாத்ததை எவனோ பாத்திருக்கான்.

கன்னியப்பன் என் வூட்டு வாசல்ல வந்து நின்னான். "இன்னாடா, கைல தட்டுச்சாமே?" அவ்ளோதான் கேட்டான், போயிட்டான். ஒரு வருசம் கரையில எவனும் எனக்குக் கலப்பத்து வேலை கொடுக்கலை. துறைமுகத்துல மூட்டை தூக்கினேன். நான் கப்பல் ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம். சம்பாதிக்கத்தான் வந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், அது பாதிதான் நிஜம்.

இங்க வந்தும் கை சும்மா இருக்குமா? போன மழைக்காலம் ஆரம்பிச்ச சமயம். கொட்டாயைப் பூட்டறதுக்கு முன்னாடி, பழக்க தோசத்துல, எப்பவும் தடவற மிதவையோட நிக்காம, வண்டியையே சுத்தித் தடவிகிட்டே வந்தேன். இந்த வண்டிக்கு மேல ஒரு ஜோடி இறக்கை, கீழ ஒரு ஜோடி. கீழ் இறக்கையோட அடிப்பக்கம், பின் ஓரத்துல, விரலுக்கு ஒரு துளை தட்டுப்பட்டுது. பக்கத்துல இன்னொண்ணு. வரிசையா ஏழு. அந்தப் பக்கத்து இறக்கையிலயும் ஏழு. அடப் பாவிங்களா, கடல்ல இறங்கற வண்டிக்கு அடியில இத்தனை ஓட்டையா! எனக்கு முன்னாடி துணி போட்டவன் எவனோ சோம்பேறி, பெயிண்ட் மேல பெயிண்டா அப்பி அந்த இடமே கலீஜா இருந்தது. பஞ்சும் குங்கிலியமும் எடுத்தேன். பதினாலையும் அடைச்சேன். மேல வெள்ளிப் பூச்சுத் தடவினேன். கண்ணை ஒட்டி வச்சுப் பாத்தாலும் தெரியாது. யார்கிட்டயும் சொல்லலை. அன்னிக்கு வூட்டுல நல்லாச் சாப்பிட்டேன்.

4

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு திங்கக்கிழமை பார்லோ துரை பறந்துட்டு வந்து இறங்கினார். வண்டி இடது பக்கமே சாயுதுன்னார். இடது பக்கத்துக் கீழ் இறக்கையைக் கழட்டி மேல்துணியைக் கீறினார். உள்ளே மரச் சட்டமெல்லாம் ஒட்டு விட்டுப் போச்சு. இந்த வண்டியில மரத்தை ஒட்டறது பால் பசையில. பாலைத் திரிச்சு எடுக்கற மாவு அது, தண்ணியில குழைச்சுப் போடணும். அந்தப் பசை ஊறிப்போய் புளிச்ச நாத்தம் அடிச்சுது. ஒரு குச்சியைத் தொட்டார், கையோட வந்துடுச்சு.

அந்த இடது இறக்கையைப் போன வருசம் மேல்துணியை மட்டும் பிரிச்சுப் பசை போட்டு ஒட்டினவன் ஆ லிம். கொட்டாயில தச்சு வேலை செய்யற சீனக்காரன். எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கறது அரைகுறை மலாய் பாஷை. அதுல சண்டையும் போடுவோம், அவன் வூட்டுப் பன்றிக் கறியை நான் வேணாம்னு சொல்றதும், என் ஊறுகாயை அவன் காறித் துப்பறதும் அதுலதான். வேலையில அவன் சுத்தக்காரன். பசைக்குத் தண்ணியைக் கிண்ணத்துல அளந்துதான் ஊத்துவான்.

பார்லோ துரை இங்கிலீஷ்ல கத்தினதை நம்ம பாஷையில சொல்றேன். "பசையத் தண்ணியா கலக்கிக்கிறே! ஒரு ஆளு செத்துருப்பான்டா! சனிக்கெழமையோட கணக்கத் தீத்துகினு கெளம்பு!" ஆ லிம் என்னென்னவோ சொல்லிப் பாத்தான். துரை காதுல போட்டுக்கலை. இறக்கைத் துணியை முழுசாக் கிழிச்சு மூலையில வீசினார். கிளப்புல ஒரு புது இடது இறக்கை பெட்டியோட கிடந்தது, அதை மாட்டச் சொன்னார். வலது இறக்கை இங்கிலாந்துல தொழிற்சாலையிலயே ஒட்டினது, அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டார். சனிக்கிழமை காலையில, பேங்க்குல வேலை பாக்கற ஒரு துரைக்குப் பறக்கக் கத்துக்கொடுக்கணும்னு அவசரம்.

எனக்கும் ஆ லிம் மேல கோபம்தான். நீயுமாடான்னு நினைச்சேன். முனகிகிட்டே வெள்ளிக்கிழமை பெட்டியை உடைச்சுப் புது இறக்கையை எடுத்துத் தடவினேன். அடிப்பக்கம், பின் ஓரத்துல, வரிசையா ஏழு துளை. ஒவ்வொண்ணைச் சுத்தியும் அழகா ஒரு வளையம் வச்சு ஒட்டியிருந்தது. தொழிற்சாலையிலேர்ந்து நேரா வந்த இறக்கை, கை படாதது. வேணும்னேதான் துளை போட்டிருக்காங்க.

மூலைக்குப் போய்க் கிழிஞ்ச துணியைப் பிரிச்சேன். பெயிண்டைச் சுரண்டினா அதே வளையம். உள்ளே என் பஞ்சு, நல்லா ஊறி, கெட்டியா உக்காந்திருந்தது. மழைத் தண்ணியும் அலை தெறிச்ச தண்ணியும் எப்படியும் உள்ளே போகும், போனது வெளியே வரத்தான் அந்தத் துளை. என் வேலை அவ்ளோ சுத்தம், ஒரு சொட்டு வெளியே வரலை. உடம்பெல்லாம் எரிஞ்சுது எனக்கு. ஓட்டையை விட்டு வைக்கணும்னு சொல்ற தொழிலை நான் கண்டேனா? யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா? சொல்லத்தான் இல்லை, அந்தத் துரைக்காவது ஒரு மழைக்காலம் முழுக்கக் கண்ணுல பட்டுதா? எல்லாரையும் மனசுக்குள்ள திட்டி முடிச்சப்புறம்தான் வலது இறக்கை ஞாபகம் வந்தது. அதுலயும் ஏழு அடைச்சிருக்கேன். விடிஞ்சா ரெண்டு பேர் அதுல ஏறப் போறாங்க.

5

சாப்பிடறப்போ தனத்துக்கிட்ட சொன்னேன். தட்டைப் படார்னு வச்சா.

"உனுக்கு இன்னாத்துக்குய்யா ஊர்ப்பட்ட ஓட்டை? உன் வாயில சோறு போற ஓட்டைய முதல்ல பாரு!"

"இப்ப திட்டி இன்னா ஆவும்? வழி சொல்லு."

"வெள்ளன எழுந்து போயி, அந்த ஏழையும் குத்தி வுட்ரு. தண்ணி வடிஞ்சுரும். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஆ லிம்?"

அவ படார்னு வச்ச தட்டை மறுபடி கையில எடுத்தா. ஆ லிம் பொண்டாட்டிதான் எங்க சின்னவனுக்கு அம்மை போட்டப்போ ஒரு வாரம் கஞ்சி வச்சுக் கொடுத்தவ. அப்பால சொன்னா, "அவனுக்குத் தொழில் கீது. தச்சன் எங்க போனாலும் பொழச்சுக்குவான். உனுக்கு லைசன்ஸ் போச்சுன்னா இன்னொரு ஒண்ணரை வருசம் எவன் கைல கால்ல வுயுவே? நான் இந்த ரூம்லயே சாவணுமா?"

அவ சொன்னதுல தப்பே இல்லை. எனக்கும் அந்த வூடு வேணும், அந்தப் பேரு வேணும். லட்சுமி பாடப் புஸ்தகத்திலேர்ந்து தலையைத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி குனிஞ்சுகிட்டா. குத்தி விட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் படுத்தேன். பொய் சொல்லி நல்லவன் வேஷம் போட எனக்கு இஷ்டமில்லை.

6

சனிக்கிழமை வெளுத்ததும் போனேன். வலது இறக்கைக்கு அடியில மல்லாந்து படுத்து, தைக்கற ஊசியால முதல் துளையைக் குத்தினேன். பஞ்சு பிதுங்கி வந்தது. தண்ணி நெஞ்சு மேல கொட்டிச்சு. நிக்கும் நிக்கும்னு பாத்தேன், நிக்கலை. வெறும் தண்ணியா இருந்தா சந்தோசப்பட்டிருப்பேன். அது அரிசி கழுவின தண்ணி மாதிரி வெளுப்பா வந்தது. அதே புளிச்ச நாத்தம். பசையே கரைஞ்சு வருது. அடைச்சதைத் திறந்துடலாம், கரைஞ்ச பசையை எந்த ஊசியால உள்ளே ஏத்தறது?

வெளியே பார்லோ துரை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுது. மிச்சம் ஆறு துளை இருந்தது. நான் எழுந்திரிக்கலை, படுத்தபடியே இருந்தேன். அவர் பூட்ஸ் ரெண்டும் பக்கத்துல வந்து நின்னுது.

"இன்னா பண்றே அடியில?"

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் ஒரு கைப்பிடி. அதுல இருந்ததை எல்லாம் அள்ளிப் போட்டேன். துளை நான் அடைச்சேன். ரெண்டு பக்கமும் அடைச்சேன். ஆ லிம் பசை நல்ல பசை. வண்டி இன்னிக்குப் பறக்கக் கூடாது. புரிஞ்சுதா புரியலையான்னு தெரியாம மறுபடியும் சொன்னேன், பஞ்சை எடுத்துக் காட்டினேன், கடைசியில தமிழ்லயே கத்தினேன். "நான்தான்யா! நான்தான் அடைச்சேன்!"

அவர் கத்தியை எடுத்து இறக்கைத் துணியை ஒரே கீறாகக் கீறினார். உள்ளே கையை விட்டார். ஒரு சட்டம் முழுசா கையோட வந்தது. அதைப் பிடிச்சுகிட்டு மிதவை மேல உக்காந்துட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஏன் அடைச்சேன்னு மட்டும் கேட்டார். எங்க ஊர்ல அடைப்பாங்கன்னேன். ஏன் சொல்லலைன்னார். எங்க ஊர்ல சொல்ல மாட்டாங்கன்னேன்.

அன்னிக்கு வண்டி பறக்கலை. பேங்க் துரை வந்து முகத்தைத் தூக்கி வச்சுகிட்டுத் திரும்பிப் போனார். வேலையை விட்டு என்னை அனுப்பலை, இதுவரைக்கும் அனுப்பலை. ஃபாரத்தை மேஜையிலேர்ந்து எடுத்து, கையெழுத்துப் போடாமலே என் கையில கொடுத்தார். கவனமா வேலை செய்யறவன்னு இந்த வருசம் என்னால எழுத முடியாதுன்னார். நியாயந்தான். மடிச்சு இடுப்புல சொருகிகிட்டேன். தனம் மூணு நாள் என்கூடப் பேசலை. நாலாம் நாள் பேசினா. பேசாமலே இருந்திருக்கலாம்.

ஆ லிம்மைத் திரும்பக் கூட்டிட்டு வரச் சொன்னார் துரை, அன்னிக்கே நானே போய்க் கூப்பிட்டேன். உளியெல்லாம் சாக்குல கட்டி அவன் வூட்டு வாசல்ல வச்சிருந்தான். முழுசாச் சொன்னேன். கை ஓங்குவான்னு நினைச்சேன், ஓங்கலை. சாக்கைத் தூக்கித் தோள்ல போட்டுகிட்டு எனக்கு முன்னாடி நடந்து வந்தான். அதிலேர்ந்து பத்து நாள் ஒரு வார்த்தை கிடையாது. வலது இறக்கை மொத்தத்தையும் பிரிச்சு, பசை போட்டு, குச்சி குச்சியா ஒட்டினான். நான் துணி இழுத்துக் கட்டினேன்.

நேத்து தையல். துணியைச் சட்டத்தோட சேத்துத் தைக்கணும்னா இறக்கையைச் செங்குத்தா நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் உக்காரணும். நான் நீட்டு ஊசியை இங்கேர்ந்து குத்தினா அவன் அங்கே வாங்கித் திருப்பிக் குத்தணும். நடுவுல துணி, ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. ஊசி போச்சு, வந்துது. போச்சு, வந்துது. சாயங்காலம் வரைக்கும் அப்படியே ஓடிச்சு. கடைசி முடிச்சைப் போட்டுட்டு, பின் ஓரத்துல ஏழு வளையத்தையும் நானே ஒட்டி, நடுவுல துளை போட்டேன்.

அப்பதான் அந்தப் பக்கத்திலேர்ந்து மலாய்ல கேட்டான். "இந்த வண்டியில வேற எதையாவது அடைச்சிருக்கியா?"

"இல்லை"ன்னேன். "சத்தியமா இல்லை."

அவன் எழுந்து வந்தான். என்னை ஏறிட்டுக் கூடப் பாக்காம, குனிஞ்சு, ஏழு துளையிலயும் ஒவ்வொண்ணா விரலை விட்டுப் பாத்தான். அப்பால போய் வண்டியோட மத்த இடமெல்லாம் தடவிப் பாக்க ஆரம்பிச்சான். எனக்குக் கோபம் வரலை. அவன் இடத்தில நானா இருந்தாலும் பாத்திருப்பேன்.